சிரங்கு ஆறிய பிறகு முகம் வீங்குவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொல்லில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். தாராவியில் இருக்கிறீர்கள். 7 வயதுப் பையனுக்கு ஜூலை மழையில் கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து இரண்டு காலிலும் புண். மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் போட்டீர்கள், பொருக்குத் தட்டி ஆறிவிட்டது. ஆறி மூன்று வாரம் போல ஆனதும் ஒரு காலையில் கண் இமை இரண்டும் வீங்கி எழுந்தான். மூத்திரம் பால் விடாத டீ நிறத்தில் போயிற்று. ஆஸ்பத்திரியில் "சிரங்கினால் கிட்னியில் அழற்சி" என்று சேர்த்துக்கொண்டார்கள். இப்போது உங்களுக்கு நான்கு சந்தேகம். காலில் வந்த புண் கிட்னிக்கு எப்படிப் போகும்? டயாலிசிஸ் வரை போகுமா? திருநெல்வேலியில் உங்கள் நாத்தனார் மகளுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் உடம்பு வீங்குகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? 4 வயது மகளுக்கு அடிக்கடி காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வருகிறதே, அவளுக்கும் இது வருமா? இவற்றுக்கு நடுவில் "களிம்போடு விட்டது என் தப்புதானோ" என்று ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

மும்பையில் குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவம் பார்க்கிறேன். மழை மாதங்களில் உங்கள் பையனைப் போன்ற ஒரு பிள்ளை வார்டில் இல்லாத வாரம் குறைவு. ஆனாலும் அவனை நான் பார்க்கவில்லை. பி.பி. எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, ஒரு நாளில் எவ்வளவு மூத்திரம் போகிறான் என்ற மூன்றும் உங்கள் பதிவில் இல்லை. ஆகவே நோயைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவனைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரின் வேலை.

முகம் வீங்கிய பிள்ளையைக் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "காய்ச்சலோ புண்ணோ தொண்டைவலியோ வந்து எத்தனை நாள் ஆயிற்று?" என்பதுதான். தொற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள உறவு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் தெரியும். தொண்டைவலி வந்த அன்றோ மறுநாளோ மூத்திரம் சிவந்தால் எங்கள் மனசு ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற வேறொரு நோயின் பக்கம் போகும். தொண்டைவலி போய் ஒன்று இரண்டு வாரம் கழித்துச் சிவந்தாலோ, தோல்புண் வந்து மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் சிவந்தாலோ, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின்வரும் நெஃப்ரைட்டிஸ், அதாவது சிறுநீரக அழற்சி, முதலில் நிற்கும். உங்கள் மகனின் வயதும், மழைக்காலமும், அந்த மூன்று வாரமும் இந்த இரண்டாவதோடு அச்சாகப் பொருந்துகின்றன. உங்கள் டாக்டர் சொன்னது சரியாகவே இருக்க வேண்டும். ரத்தத்தில் சி3 என்ற புரதம் குறைந்திருந்தால் இன்னும் உறுதி. இந்தக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. ரத்த டெஸ்ட் நார்மல் என்று வந்து நீங்கள் குழம்பியிருந்தால் குழம்ப வேண்டாம். தொண்டைத் தொற்றில் ஏறுகிற மாதிரி தோல்புண்ணில் அது ஏறுவதில்லை. தோல்புண்ணுக்கு ஆன்டி-டிநேஸ் பி என்ற வேறு டெஸ்ட் பொருத்தம். அது எல்லா இடத்திலும் கிடைக்காது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

புண் எப்படிக் கிட்னிக்குப் போயிற்று என்றால், புண் போகவில்லை. கிருமியும் அங்கே போய்க் குடியேறவில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளும் கிருமியின் துணுக்குகளும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகளில் படிகின்றன, அங்கே அழற்சி கிளம்புகிறது. எதிர்ப்பொருள் உருவாக நாள் பிடிக்கும் அல்லவா, அந்த நாள்தான் நீங்கள் பார்த்த இடைவெளி. வீட்டு டிகாக்ஷன் ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு அதன் ஓட்டைகள் அடைத்துக்கொண்டன: நீர் இறங்கவில்லை, தேங்கிய நீரும் உப்பும் முகத்திலும் பி.பி.யிலும் காட்டின. நாத்தனார் மகளுக்கு ஓட்டைகள் பெரிதாகிவிட்டன: நிற்க வேண்டிய புரதம் கீழே ஒழுகுகிறது. வெளியே இரண்டும் ஒரே மாதிரி வீக்கம். உள்ளே வேறு வேறு நோய், வேறு மருந்து, போகிற வழியும் வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எந்தத் துணுக்கு இந்தப் படிவைத் தொடங்கிவைக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சிகிச்சையை அது மாற்றப்போவதுமில்லை.

இப்போது உங்கள் தப்பு பற்றி. ஸ்ட்ரெப்டோகாக்கஸில் எல்லா வகையும் சிறுநீரகத்தைத் தொடுவதில்லை, சில வகைகள் மட்டுமே. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரெட் லேக் என்ற பழங்குடிப் பகுதியில் 1953இலும் மறுபடி 1966இலும் தோல்புண்ணுக்குப் பின் பிள்ளைகளுக்குக் கொத்துக் கொத்தாக இந்த நோய் வந்தபோதுதான் இது நன்றாகப் புரிந்தது. காலில் இருப்பது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, மருந்துக்கடைக்காரராலும் முடியாது. சரி, உடனே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால்? இதே கிருமியின் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு இதயத்தில் வரும் ருமாட்டிக் நோயைப் பென்சிலின் தடுக்கும், அது நிரூபணமானது. சிறுநீரக விஷயத்தில் அவ்வளவு உறுதியாக யாரும் சொல்ல முடியாது. சரியாக மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் இது வந்திருக்கிறது. ஒரு ஊரில் பரவும்போது எல்லாருக்கும் பென்சிலின் கொடுத்தால் பரவல் குறைகிறது. ஒரு பையனுக்குக் கொடுத்தால் அவன் கிட்னி தப்பும் என்பது வேறு கணக்கு. ஆகவே, களிம்போடு விட்டதால் வந்தது என்று எவராவது உங்களிடம் அடித்துச் சொன்னால், தெரிந்ததற்கு மேல் பேசுகிறார் என்று அர்த்தம். புண் பல இடத்தில் பரவினாலோ சீழ் கட்டினாலோ டாக்டரிடம் காட்டுவது நல்லது. அது பொதுவான அறிவுரை, உங்கள் மேல் போடுகிற வழக்கு இல்லை.

அவன் இன்னும் மூத்திரம் குறைவாகப் போகிற கட்டத்தில் இருந்தால் கவனம் எல்லாம் பி.பி.யில் இருக்கட்டும். இந்த நோயில் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது அந்த வாசல் வழியாகத்தான். 130/90 என்றால் பெரியவர்களுக்கு "கொஞ்சம் கூட இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 7 வயதுப் பையனுக்கு அது கடுமையான உயர்வு. அதைச் சிறுவர் கைக்கு ஏற்ற பட்டையால் அளந்தால்தான் கணக்கில் சேரும். தலைவலி, வாந்தி, கண் மங்கல், பேச்சில் தடுமாற்றம், வலிப்பு, படுத்தால் மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அடுத்தது, நம் வீடுகளில் எனக்குப் பெரிய போராட்டமாக இருப்பது: நீர் பிரியட்டும் என்று வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், இளநீர் என்று மாறி மாறிக் கொடுப்பது. ஊரிலிருந்து பாட்டி போனில் சொல்லுவார். பேரன்மேல் உள்ள பாசம், குறை சொல்ல முடியாது. ஆனால் அடைத்துக்கிடக்கும் சிறுநீரகத்துக்குத் தண்ணீரைக் கூட்டினால் மூத்திரம் கூடாது, அது நுரையீரலில் போய்த் தேங்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. மூத்திரம் போகாத பிள்ளைக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வார்டில் தலைமாட்டு மேஜையில் இளநீர்க் கூட்டையும் ஸ்ட்ராவையும் பார்த்தால் எங்கள் நர்ஸ் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார், பிறகுதான் விளக்கம். தண்ணீர் எவ்வளவு என்பது முந்தின நாள் மூத்திரத்தின் அளவைப் பார்த்து டாக்டர் சொல்வது. அதை அளவு போட்ட பாட்டிலில் ஊற்றி வைத்துக் கொடுங்கள். உப்பையும் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கில் அப்பளம், ஊறுகாய், வடாபாவ், பாக்கெட் சிப்ஸ், உப்பு பிஸ்கெட் எல்லாம் சேர்த்தி. சாதத்தில் உப்புப் போடாமல் ஒரு பாக்கெட் ஃபர்சாண் (மிக்சர் போன்ற நொறுக்குத் தீனி) வாங்கிக் கொடுத்தால் பத்தியத்துக்கு அர்த்தமில்லை. புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று நீங்களாகப் பருப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டாம்.

டயாலிசிஸ் கேள்விக்கு: பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. வெகு சிலருக்குச் சில நாட்கள் தேவைப்படும். அப்படிச் செய்தவர்களிலும் பலர் பிறகு முழுசாகத் தேறிவிடுகிறார்கள். நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் குணமாகிற நோய் இது. டீ நிறம் ஒன்றிரண்டு வாரத்தில் போகும், பி.பி. சில வாரத்தில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்த அணுக்கள் மட்டும் மைக்ரோஸ்கோப்பில் ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம்கூடத் தெரிந்துகொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்துவிட்டு மூன்று டாக்டர்களிடம் அலைய வேண்டாம். மறுபடி வருவது மிக அரிது. எனக்கு உறுதியில்லாத ஒரே இடம் நீண்டகாலம். வட ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களிடம், சிறுவயதில் இந்த நோய் வந்தவர்களுக்கு வளர்ந்த பிறகு மூத்திரத்தில் புரதம் போவது கூடுதலாகக் காணப்பட்டது. அங்கே வறுமை, சர்க்கரை நோய், குறைந்த எடையில் பிறப்பது என்று வேறு காரணங்களும் சேர்ந்திருப்பதால் அதை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு பி.பி., ஒரு மூத்திர டெஸ்ட் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நாத்தனார் மகளுக்கு இருப்பது நீங்கள் விவரித்த அளவில் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், மேலே சொன்ன புரதம் ஒழுகும் நோய். அங்கே சளி நோயை உண்டாக்கவில்லை, அடங்கியிருப்பதைத் தட்டி எழுப்புகிறது. மறுபடி வீங்குகிற தடவைகளில் கணிசமானவை ஒரு சளி காய்ச்சலைத் தொட்டுத்தான் வரும். எதனால் என்பதில் இப்போதுதான் வெளிச்சம் விழுகிறது: நெஃப்ரின் என்ற வடிகட்டிப் புரதத்துக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் செய்கிறது, இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது ரத்தத்தில் இருக்கிறது என்று 2024இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஒரு வேடிக்கை, அந்தக் காலத்தில் தட்டம்மை வந்த நெஃப்ராட்டிக் பிள்ளைகள் சிலருக்கு வீக்கம் தானாக வடிந்ததைப் பார்த்து, இதற்கு இன்று கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன் வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்றவைத்துப் பார்த்த டாக்டர்களும் இருந்தார்கள். இன்று யாராவது அப்படிச் செய்தால் ஜெயில்தான்.

சளி பிடித்தவுடன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடும் ஸ்டீராய்டை ஐந்தாறு நாள் தினமும் கொடுத்தால் வீக்கம் வராமல் தடுக்கலாமா என்று அவர்கள் டாக்டர் பேசியிருக்கலாம். இலங்கையிலும் டெல்லி எய்ம்ஸிலும் நடந்த ஆய்வுகள் பலன் இருக்கிறது என்றன. பிறகு பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. நம் டாக்டர்களில் பலர் அடிக்கடி வீங்கும் பிள்ளைகளுக்கு இன்னும் இதைச் செய்கிறார்கள், நானும் சிலருக்குச் செய்கிறேன். ஆனால் டாக்டர் முன்கூட்டி எழுதிக்கொடுக்காமல் வீட்டில் யாரும் அளவை மாற்றக் கூடாது. காலையில் முதல் மூத்திரத்தில், புரதம் போவதைப் பிளஸ் கணக்கில் காட்டும் ஸ்ட்ரிப்பை நனைத்து நோட்டில் எழுதும் வழக்கம் அவர்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சலன்று ஒரு பிளஸ் வந்தால் பதற வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் என்றால் மறுபடி வந்துவிட்டது. வீங்கியிருக்கும்போது காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூத்திரத்தில் ஒழுகுவதில் நோய் எதிர்ப்புப் புரதமும் சேர்த்தி. வயிற்றில் தேங்கிய நீரில் நிமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்துவிடும். நிமோகாக்கஸ் தடுப்பூசியும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும் அவளுக்கு வேண்டும். அம்மை வகை உயிர்த் தடுப்பூசிகளை அதிக அளவு ஸ்டீராய்டில் இருக்கும்போது போடக் கூடாது. நேரம் பார்த்துப் போடுவார்கள். பள்ளியில் பக்கத்துப் பிள்ளைக்கு நீர்க்கொளுவான் (சின்னம்மை) என்று தெரிந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகளின் நீர்க்கடுப்பு, தொற்று சிறுநீரகத்தைத் தொடும் மூன்றாவது வழி. இங்கே கிருமி உண்மையிலேயே மூத்திரப் பையிலிருந்து மேலே ஏறுகிறது, பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை. எரிச்சல் மட்டும் என்றால் பையோடு நின்றிருக்கும். காய்ச்சலும் சேர்ந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கலாம். காய்ச்சலோடு வரும் முதல் தொற்றுக்குப் பின் ஏழு பிள்ளைகளில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் தழும்பு விழுகிறது என்பது தோராயக் கணக்கு. ஆன்டிபயாட்டிக் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் தழும்பின் வாய்ப்புக் கூடும். அதற்காகக் காய்ச்சல் வந்தவுடன் கையிலிருக்கும் மிச்ச சிரப்பைக் கொடுக்காதீர்கள். கழுவித் துடைத்து, நடுப்பகுதி மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுத்த பிறகுதான் முதல் டோஸ். மருந்து கொடுத்த பிறகு எடுத்த கல்ச்சர் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. அடிக்கடி வருகிறது என்றால் ஸ்கேனும் வேண்டும். மூத்திரம் பின்னோக்கி ஏறும் ரிஃப்ளக்ஸ் இருக்கிற பிள்ளைகளுக்குத் தினசரி குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பற்றி 2014இல் அமெரிக்காவில் 607 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது: தொற்று பாதியாகக் குறைந்தது, தழும்பு குறையவில்லை. ஆகவே இதில் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. முன்பு தழும்பால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று நினைத்தோம். அவற்றில் பல பிறக்கும்போதே சரியாக வளராத சிறுநீரகங்கள் என்று இப்போது தெரிகிறது.

அவளிடம் ஸ்கேனுக்கு முன்னால் நான் கேட்பது வேறு. சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள மும்பைக் குடியிருப்பில்) பொதுக் கக்கூஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும், ராத்திரி இருட்டு, தனியாகப் போகப் பயம், பள்ளிக்கூடத்தில் கதவு சாத்தாது. பெண்பிள்ளைகள் காலை எட்டு மணிக்குப் போனால் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள், அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. கூடவே மலச்சிக்கல். காலைக் குறுக்கிக்கொண்டு குதிகாலில் உட்கார்ந்து அடக்குகிறாளா என்று இரண்டு நாள் கவனியுங்கள். மூன்று மணிக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போவதும், மலம் இளகப் போவதும், பல பிள்ளைகளுக்கு மாத்திரை செய்யாததைச் செய்திருக்கின்றன. இளநீரும் தண்ணீரும் இவளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், அண்ணனுக்குச் சொன்ன தடை இவளுக்குக் கிடையாது.

மழைக்காலம் என்பதால் இன்னொன்று. 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய பிறகு, மும்பையில் எலிக்காய்ச்சலோடு வந்த பிள்ளைகளை மறக்க முடியாது. அங்கே கிருமி நேராகச் சிறுநீரகத்துக்குள் போகும். வெள்ளத் தண்ணீரில் நடந்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் "தண்ணியில் நடந்தான்" என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் மருந்து போனால் பெரும்பாலும் முழுசாகத் தேறிவிடும். எந்தக் காய்ச்சலானாலும் சூட்டைத் தணிக்கப் பாரசிட்டமால் போதும். வாந்தி பேதியில் வற்றிப்போன பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் போன்ற வலி, காய்ச்சல் மருந்துகள் வேண்டாம், உங்கள் மகனுக்கு இப்போதைக்கு அவை அறவே கூடாது. சளிக்கு இருமல் சிரப்பும் தேவையில்லை. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது சளி கிடையாது, சிரப்பில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம்.

கடைசியாக, மகளுக்கும் இது வருமா என்றீர்களே. நெஃப்ரைட்டிஸ் தொற்றாது, அந்தக் கிருமியும் சொறியும் தொற்றும். ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகளில் வெளியே தெரியாத லேசான நெஃப்ரைட்டிஸ், வெளியே தெரிவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே அவளுக்கும் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கும் இந்த வாரமே ஒரு பி.பி.யும் மூத்திர டெஸ்ட்டும் பார்த்துவிடுங்கள். விரலிடுக்கிலும் அக்குளிலும் ராத்திரி அரிப்பு இருந்தால் அது சொறி உண்டாக்கும் பூச்சி. டாக்டர் தரும் பெர்மெத்ரின் கிரீமை வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி கழுத்துக்குக் கீழே பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் திரும்ப வந்துவிடும். பையனுக்கு முகம் வீங்கிய தேதியை ரிப்போர்ட் ஃபைலின் அட்டையிலேயே எழுதிவையுங்கள். அதிலிருந்து எட்டு வாரம் கழித்து சி3 மறுபடி எடுக்க வேண்டும். அது ஏறியிருந்தால் நாம் நினைத்த நோய்தான். பன்னிரண்டு வாரத்திலும் ஏறவில்லை என்றால் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி, பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) வேண்டுமா என்று கேளுங்கள்.